நொய் கூடினால் யாரைக் கேட்பது?

அரிசி ஆலையில் நொய் கூடிவிட்டால் முதலில் கிளம்பும் கேள்வி ஒன்றுதான்: "ராத்திரி ஷிப்ட்டில் யார் இருந்தது?" எந்த நெல், எவ்வளவு ஈரம், பாய்லரில் அழுத்தம் எப்படி என்பதெல்லாம் பிறகு. முதலில் ஓர் ஆள் வேண்டும். ஆள் கிடைத்ததும் ஆத்திரம் அடங்கிவிடுகிறது. நொய் மட்டும் குறைவதில்லை.

நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் இடையில் உள்ள ஒரு புழுங்கல் அரிசி ஆலையில் மேலாளராக இருக்கிறேன். வெண்ணாற்றிலிருந்து கோரையாறும் பாமணியாறும் பிரிகிற மூணாறு தலைப்பு எங்களுக்கு அதிகத் தொலைவில்லை. சுற்றுவட்டாரத்து ஊர்க்காரர்கள், பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து கொட்டகையிலேயே தங்கி வேலை செய்பவர்கள், சிப்பம் கட்டும் பிரிவில் இருக்கும் பெண்கள் என்று பலதரப்பட்டவர்கள் இங்கே உழைக்கிறார்கள். இவர்களில் ஒருவருடைய வேலை இறங்கிப்போகும்போது மேலே இருப்பவர் என்ன செய்ய வேண்டும் என்பதில் எனக்குத் தீர்மானமான கருத்து உண்டு. குறையைக் கண்டும் சொல்லாமல் மாதக்கணக்கில் மனத்துக்குள் சேர்த்துவைத்து, ஒருநாள் மொத்தமாகக் கொட்டுகிறார்களே, அதைவிடப் பெரிய அநியாயம் வேலையிடத்தில் வேறில்லை. திட்டு வாங்கியவர் "இத்தனை நாளாக ஏன் சொல்லவில்லை?" என்று மனத்துக்குள் கேட்டுக்கொள்வார். அந்தக் கேள்விக்கு எந்த முதலாளியிடமும் பதில் இருந்து நான் பார்த்ததில்லை.

நொய் எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்லிவிட்டுப் போகிறேன். அது தெரியாமல் மற்றது விளங்காது. நெல்லை வெந்நீரில் ஊறவைத்து, ஆவியில் அவித்து, உலர்த்திய பிறகுதான் அரைக்கிறோம். ஆவி சரியாக ஏறினால் மணியில் உள்ள மாவுச்சத்து இளகி, வயலிலேயே விழுந்திருந்த வெடிப்புகள்கூட ஒட்டிக்கொள்ளும். அவியல் அரைகுறையானால் அரிசியின் நடுவில் வெள்ளை நிற்கும். அது அரைவையில் உடையும். உலர்த்துவதில் அவசரப்பட்டாலும் உடையும், ஏனென்றால் வெளியே காய்ந்து உள்ளே ஈரம் நிற்கிற மணியில் புதிதாக வெடிப்பு விழும். அதனால்தான் டிரையரில் ஒரு சுற்று ஓட்டி, சில மணி நேரம் ஆறவிட்டு, உள்ளீரம் மேலே வந்து சமப்பட்ட பிறகு மறுசுற்று ஓட்டி ஈரத்தை 13, 14 விழுக்காட்டுக்குக் கொண்டுவருகிறோம். இதற்குப் பிறகும் ரப்பர் ரோலரின் தேய்மானம், ரோலர்களுக்கு நடுவிலுள்ள இடைவெளி, தவிடு நீக்கும் இயந்திரத்தின் அழுத்தம் என்று பல இருக்கின்றன. ஒரு கைப்பிடி நொய்யின் பின்னால் நான்கைந்து பேர், நான்கைந்து இயந்திரங்கள், ஒரு மழைகூட இருக்கலாம்.

ஒரு குறுவையில் நடந்தது இது. அறுவடை முடிவதற்குள் அக்டோபர் மழை வந்துவிட்டது. அரசு நேரடிக் கொள்முதல் நிலையங்களில் ஈரப்பத வரம்பு 17 விழுக்காடு. மழை ஆண்டுகளில் விவசாயிகள் தளர்வு கேட்டு நெல்லைச் சாலையில் கொட்டிவைத்துக் காத்திருப்பதை டெல்டாக்காரர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். எங்கள் வாசலுக்கு வந்த லாட்டுகளில், அதாவது தனித்தனி எண் போட்டு எடுக்கும் நெல் வரத்துகளில், 20ஐத் தாண்டியவையும் இருந்தன. அந்தச் சமயத்தில் இரவு ஷிப்ட் சரக்கில் மட்டும் நொய் வாரத்துக்கு வாரம் ஏறிக்கொண்டே போனது. இரவில் டிரையர் பார்த்தவர் என்னைவிட வயதில் மூத்தவர், ஆலையிலும் மூத்தவர். நான் அவரை அண்ணே என்பேன். அவர் என்னை சார் என்பார். "அவருக்கு வயதாகிவிட்டது, தூங்குகிறார், கணக்கை முடித்து அனுப்பிவிடுங்கள்" என்றார் முதலாளி. எனக்குச் சில நாள் அவகாசம் கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன்.

அவரிடம் பேசுவதற்கு முன் பதிவேடுகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரே லாட்டின் ஒரு பாதி பகலிலும் மறுபாதி இரவிலும் ஓடியிருந்த நாள்களைத் தேடிப் பிரித்தேன். பகலில் ஓடிய பாதியில் நொய் வழக்கமான அளவுதான். இரவிலும் முதல் சில மணி நேரம் பிரச்சினை இல்லை. பத்து மணிக்கு மேல் இறங்கிய தொட்டிகளில்தான் ஏறியிருந்தது. இன்னொன்றும் கண்ணில் பட்டது. மணிக்கொரு முறை எழுத வேண்டிய வெப்பநிலைக் குறிப்புகள் எல்லாம் ஒரே மையில், ஒரே வேகத்தில், ஒரே மூச்சில் எழுதியவையாக இருந்தன. விடியற்காலையில் உட்கார்ந்து மொத்தமாக நிரப்பியிருக்கிறார் என்பது தெரிந்தது. பிறகு ஓர் இரவு ஆலைக்குப் போய் நின்றேன். வரப்போகிறேன் என்பதை அவரிடம் முன்னாலேயே சொல்லிவிட்டுத்தான் போனேன். மறைந்து நின்று வேவு பார்க்கும் மேலாளரிடம் எந்தத் தொழிலாளியும் அதற்குப் பிறகு ஓர் உண்மையைக்கூடச் சொல்ல மாட்டார்.

பேசுவதற்கு நேரம் பார்ப்பது மிக முக்கியம். இரவு ஷிப்ட் முடிந்து கண் எரிய நிற்பவரைக் கூப்பிட்டு உட்காரவைக்கக் கூடாது. சம்பள நாளில் பேசக் கூடாது. சம்பளத்தில் கைவைக்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைப்பார். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முந்தைய வாரம் கூடவே கூடாது. லாரிகள் வரிசையில் நிற்கும்போது பேசினால் பாதிப் பேச்சில் யாராவது கூப்பிட்டுவிடுவார்கள், சொன்னது அரைகுறையாகத் தொங்கும். நான் அவரை மறுநாள் மாலை ஷிப்ட் தொடங்குவதற்குச் சற்று முன்பாக வரச் சொன்னேன். என் அறையில் இல்லை. மேலாளர் அறைக்குள் போய்விட்டு வெளியே வருபவரின் முகத்தை ஆலையே பார்க்கும். எடைமேடைக்குப் பின்னால் ஒரு பெஞ்சு உண்டு. அங்கே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே பேசினோம்.

நான் சொன்னது ஏறத்தாழ இதுதான்: "அண்ணே, போன வாரம் செவ்வாய், புதன், வெள்ளி மூன்று நாளும் ராத்திரி பத்து மணிக்கு மேல் இறங்கிய தொட்டிகளில் நொய் அதிகம். அதே லாட் பகலில் ஓடியபோது அப்படி இல்லை. பதிவேட்டில் வெப்பநிலை அந்தந்த மணிக்கு எழுதியதாகத் தெரியவில்லை. இரண்டையும் உங்களிடம் நேரில் கேட்க வேண்டும் என்றுதான் வரச் சொன்னேன். என்ன நடக்கிறது?" அதற்கு மேல் நான் பேசவில்லை. அவரும் வெகு நேரம் பேசவில்லை. அந்த இடைவெளியை நிரப்ப வேண்டும் என்று நமக்குத் துடிப்பாக இருக்கும். "மழை வேறு, உங்களுக்கும் கஷ்டம்தான்" என்று நாமே காரணம் எடுத்துக் கொடுத்துவிடுவோம். அப்படி எடுத்துக் கொடுத்தால் அவர் அதையே பிடித்துக்கொள்வார். உண்மையான காரணம் வெளியே வராது. காத்திருக்க வேண்டும்.

அவர் சொன்னபோது மூன்று விஷயங்கள் வெளியே வந்தன. பாய்லரில் எரிக்கும் உமியை வைத்திருக்கும் கொட்டகையின் ஒரு பக்கத் தகடு காற்றில் பெயர்ந்து, மழை உள்ளே அடித்து, உமி நனைந்திருந்தது. மேலே கிடந்த காய்ந்த உமி பத்து மணிவரை தாங்கும். அதன் பிறகு நனைந்த உமிதான். நெருப்பு பிடிக்காது, ஆவி அழுத்தம் இறங்கும், அவியலும் உலர்த்தலும் தாமதமாகும். இரண்டாவது, இரவில் இத்தனை டன் இறக்கினால் இவ்வளவு ஊக்கத்தொகை என்று ஆலையில் ஒரு வழக்கம் இருந்தது. தாமதமான நேரத்தை ஈடுகட்ட, இரண்டு சுற்றுக்கும் நடுவில் ஆறவிட வேண்டிய நேரத்தை அவர் சுருக்கிவிட்டார். ஊக்கத்தொகை அவருக்கு மட்டும் இல்லை, கூட இருக்கும் ஐந்தாறு பேருக்கும் சேர்த்துத்தான். அவர்கள் முகத்தைப் பார்த்துச் செய்ததாகச் சொன்னார். மூன்றாவது, பதிவேடு. "அதை யார் படிக்கிறார்கள் சார்?" என்று கேட்டார். கேட்ட விதத்தில் திமிர் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

கடைமடைக்குத் தண்ணீர் வராவிட்டால் கடைமடை விவசாயியைப் போய் யாரும் திட்டுவதில்லை. மேலே எந்த மதகு திறக்கவில்லை, எந்த வாய்க்கால் தூர்ந்திருக்கிறது என்றுதான் பார்க்கிறோம். ஆலைக்குள் வந்ததும் ஏனோ இந்த அறிவு மறந்துபோகிறது. கடைசியில் கை வைத்தவரே காரணம் என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

அதற்காக அவர்மீது தவறே இல்லை என்றும் நான் விடவில்லை. இதில்தான் நல்ல மனம் கொண்ட பல மேலாளர்கள் நழுவிவிடுகிறார்கள். காரணம் கேட்டதும் இரக்கம் வந்துவிடும். "சரி, பார்த்துக்கொள்ளுங்கள்" என்று எழுந்துவிடுவார்கள். எது யாருடையது என்று அங்கேயே பிரித்துச் சொல்லிவிட வேண்டும். கொட்டகைத் தகடு என் பொறுப்பு, வெள்ளிக்கிழமைக்குள் போடப்படும் என்றேன். ஊக்கத்தொகை முதலாளியின் முடிவு, அவரிடம் பேசுவது என் பொறுப்பு என்றேன். ஆறவிடும் நேரத்தைச் சுருக்குவது உங்கள் கையில் இருக்கிறது. அழுத்தம் இறங்கினால் அந்த ஷிப்ட்டில் ஒரு தொட்டி குறைந்தாலும் பரவாயில்லை, எனக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள், நேரத்தைச் சுருக்காதீர்கள் என்றேன். பதிவேட்டை அந்தந்த மணிக்குத்தான் எழுத வேண்டும்; காலையில் ஷிப்ட் மாறும்போது பகல் டிரையர்காரரும் நீங்களும் சேர்ந்து பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள் என்றேன். அடுத்த வெள்ளி இதே பெஞ்சில் மறுபடி பார்ப்போம் என்று நாளும் குறித்துக்கொண்டோம்.

நாள் குறிப்பது சாதாரண விஷயம் இல்லை. நாள் குறிக்காத பேச்சு வெறும் புலம்பலாகப் போய்விடும். குறித்த நாளில் மேலாளர் வராவிட்டால் அதைவிட மோசம். அவருக்கே அக்கறை இல்லை என்று ஆகிவிடும். வெள்ளிக்கிழமைக்குள் தகடு போட்டாயிற்று. நொய் இறங்கத் தொடங்கியது. பதிவேடு மட்டும் உடனே சரியாகவில்லை. பழைய பழக்கம் இரண்டு முறை தலைகாட்டியது, இரண்டு முறையும் அன்றைக்கே சொன்னேன். மூன்றாவது வாரத்தில் அவரே ஒரு பக்கத்தைக் காட்டி, "இந்த லாட்டில் வெப்பம் ஏறவே இல்லை பாருங்கள், பருமனான அம்பை 16 நெல்லோடு வேறு ஏதோ சன்ன ரகம் கலந்திருக்கிறது" என்றார். பருமனும் சன்னமும் கலந்தால் ஊறுவதும் வேகுவதும் ஒரே மாதிரி இருக்காது. ரோலர் இடைவெளியையும் இரண்டுக்கும் பொதுவாக வைக்க முடியாது. கொள்முதல் பார்ப்பவரிடம் போய்ப் பேச எனக்கு அந்தப் பக்கம்தான் ஆதாரமாக இருந்தது.

முதலாளியிடம் ஊக்கத்தொகை பற்றிப் பேசியதையும் சொல்ல வேண்டும். தொழிலாளியின் கஷ்டத்தைச் சொல்லிக்கொண்டு போனால் அவர் இரங்குவார், ஆனால் மாற்ற மாட்டார். ஒரே லாட்டின் பகல் பாதியில் கிடைத்த முழு அரிசி இவ்வளவு, இரவுப் பாதியில் கிடைத்தது இவ்வளவு, முழு அரிசிக்கும் நொய்க்கும் அன்றைய விலை வித்தியாசம் இவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். ஊக்கத்தொகையாகக் கொடுத்ததைவிட நொய்யில் இழந்தது பெரிது என்று அவரே கூட்டிப் பார்த்துக்கொண்டார். அதன் பிறகு ஊக்கத்தொகை, இறங்கிய டன்னுக்கு இல்லாமல், கிடைத்த முழு அரிசிக்கு என்று மாறியது. மேலே இருப்பவரிடம் பேசத் துணியாத மேலாளர் கீழே இருப்பவரைத் திருத்தக் கிளம்பினால் பாதி வேலைதான் நடக்கும்.

குறையைச் சொல்லும் முறையைப் பற்றிச் சில எண்ணங்கள். முதலில் இரண்டு பாராட்டு, நடுவில் குறை, கடைசியில் மறுபடி பாராட்டு என்று ஒரு முறையைப் பயிற்சி வகுப்புகளில் சொல்லிக் கொடுக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பாராட்டு தொடங்கியதுமே கேட்பவர் "ஆனால்" எப்போது வரும் என்று காத்திருக்கத் தொடங்கிவிடுவார். பிறகு உண்மையான பாராட்டைச் சொன்னாலும் நம்ப மாட்டார். பாராட்டை அது நடந்த அன்றைக்கே, தனியாகச் சொல்லிவிட வேண்டும். குறையைக் குறையாகவே, ஒரு நேரத்தில் ஒன்றாகச் சொல்ல வேண்டும். "நீங்கள் பொறுப்பே இல்லாதவர்" என்றால் அவர் தன் மானத்தைக் காப்பாற்றத்தான் பேசுவார். "செவ்வாய் இரவு மூன்றாவது தொட்டி" என்றால் அந்தத் தொட்டியைப் பற்றிப் பேசுவார். போன பொங்கலுக்கு லீவு போட்டது, அதற்கு முந்தைய ஆண்டு சண்டை போட்டது என்று பழைய மூட்டைகளை அவிழ்க்கவே கூடாது.

பத்துப் பேர் முன்னால் திட்டுவது பற்றி எவ்வளவு எழுதினாலும் தகும். எங்கள் பகுதியில் தொழிலாளர்கள் அடுத்தடுத்த ஊர்க்காரர்கள், பெரும்பாலும் உறவுக்காரர்கள். ஆலையில் வாங்கிய திட்டு அவர் வீட்டுக்குப் போவதற்கு முன்பே ஊருக்குப் போய்விடும். மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கும் மனிதரைக் களத்தில் நிறுத்தி ஒருமையில் பேசினால் அந்த அவமானத்தை அவர் மறக்க ஆண்டுகள் ஆகும். இப்போது வாட்ஸ்அப் குழு வேறு வந்துவிட்டது. கறுத்துப்போன அரிசியைக் கையில் அள்ளிப் படம் எடுத்து, "இது யார் வேலை?" என்று குழுவில் போடுகிறார்கள். பெயர் போடாவிட்டாலும் எல்லோருக்கும் யார் என்று தெரியும். எங்கள் குழுவில் லாட் எண், லாரி நேரம், மின்தடை அறிவிப்பு தவிர வேறு எதையும் போடுவதில்லை என்று ஏற்பாடு செய்திருக்கிறேன். ஆளைப் பற்றிய எதுவும் அதில் வரக் கூடாது. வந்தால் நானே நீக்கிவிட்டு, போட்டவரிடம் தனியாகப் பேசுவேன்.

அதைவிடக் கொடியது முன்பணத்தைச் சொல்லிக் காட்டுவது. காதுகுத்து, படிப்பு, மருத்துவம் என்று எல்லோரும் ஆலையில் முன்பணம் வாங்கியிருப்பார்கள். "வாங்கிய பணத்துக்காவது வேலை செய்" என்ற ஒரு சொல் போதும். அதன் பிறகு அந்த மனிதர் வேலை செய்வார், மனம் செய்யாது. வேலைப் பேச்சும் கடன் பேச்சும் ஒரே வாயில், ஒரே நாளில் வரக் கூடாது என்பதை எங்கள் மேற்பார்வையாளர்களிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன்.

அபராதமும் அப்படித்தான். உடைந்த அரிசிக்குச் சம்பளத்தில் பிடிப்பது பல இடங்களில் சர்வ சாதாரணம். சட்டம் அதற்கு அவ்வளவு இடம் கொடுப்பதில்லை. ஒரு சம்பளக் காலத்து ஊதியத்தில் 3 விழுக்காட்டுக்கு மேல் அபராதம் விதிக்கக் கூடாது; அதையும் அவருடைய விளக்கத்தைக் கேட்காமல் விதிக்கக் கூடாது. குறைந்தபட்சப் போனஸ் 8.33 விழுக்காடு, அதற்குத் தகுதி உள்ள தொழிலாளியிடம் வேலை சுணக்கத்தைக் காரணம் காட்டி அதை நிறுத்த முடியாது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். பணம் பிடித்ததால் யாராவது நன்றாக உலர்த்தக் கற்றுக்கொண்டார்கள் என்று நான் கண்டதில்லை. அடுத்த முறை நொய்யைத் தவிட்டு மூட்டைக்குள் மறைக்கத்தான் கற்றுக்கொள்வார்கள்.

வேலைக் குறை என்று நினைப்பது சில சமயம் குறையே இல்லை. ஊறல் தொட்டிக்கு வெந்நீர் விடும் வேலைக்கு பீகார் இளைஞர் ஒருவர் வந்தார். தண்ணீர் சூடு ஒரு நாள் ஏறும், ஒரு நாள் இறங்கும். சோம்பேறி என்று பெயர் கட்டிவிட்டார்கள். அவருக்கு வேலையைச் சொல்லிக் கொடுத்தது, அரைகுறை இந்தி தெரிந்த ஒரு சுமைதூக்கும் தொழிலாளி. திட்டு முழுதாக மொழிபெயர்ந்து போனது. வேலை மொழிபெயர்ந்து போகவில்லை. வெப்பமானியின் வட்டத்தில் 65லிருந்து 70 வரை பச்சை வண்ணம் அடித்து, அதற்கு மேலும் கீழும் சிவப்பு அடித்து, முள் பச்சையில் நிற்க வேண்டும் என்று கையால் காட்டினேன். அன்றோடு தீர்ந்தது. இன்று அவர் தன் ஊரிலிருந்து வருபவர்களுக்கு அந்த வேலையைக் கற்றுக்கொடுக்கிறார். ஒருவரைத் திருத்துவதற்கு முன், என்ன வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்த வடிவத்தில் போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பது பத்து நிமிட வேலை.

கஜா புயலுக்குப் பிந்தைய மாதங்களையும் சொல்லாமல் இருக்க முடியாது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் பக்கம் கரை கடந்த அந்தப் புயல் நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களைப் புரட்டிப் போட்டது. பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. சுற்றியுள்ள கிராமத்து மக்கள் எங்கள் ஜெனரேட்டரில் தொலைபேசிக்குச் சார்ஜ் ஏற்ற வருவார்கள். எடைமேடையில் லாட் சீட்டு எழுதும் பெண்ணின் வீட்டுக் கூரை போய்விட்டது; தென்னைகளும் போயின. அவர் ஒரு நாள்கூட வேலைக்கு வராமல் இருக்கவில்லை. ஆனால் சீட்டுகளில் லாட் எண் மாறத் தொடங்கியது. எண் மாறினால் ஒருவருடைய நெல்லுக்கு இன்னொருவருக்குப் பணம் போய்விடும். சும்மா விடக்கூடிய தவறு இல்லை.

துயரத்தில் இருப்பவரிடம் குறை பேசலாமா என்று தயங்குவது இயல்பு. பேசத்தான் வேண்டும், பேசாவிட்டால் ஒரு விவசாயியோடு தகராறாகி, அதில் அவர்தான் சிக்கிக்கொள்வார். சிப்பம் பிரிவில் மூத்த அக்கா ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தவறான சீட்டுகளைக் காட்டி, "இது தொடர்ந்தால் உங்களுக்குத்தான் சிக்கல் வரும், அதைத் தடுக்கத்தான் பேசுகிறேன்" என்றேன். வீட்டு நிலவரத்தை நான் கேட்கவில்லை. அதைச் சொல்வதும் சொல்லாததும் அவர் உரிமை. சொன்னால் கேட்க ஆள் இருக்கிறது என்பது தெரிந்தால் போதும். நெல் வரத்து உச்சத்தில் இருக்கும் மாலை நேரத்தில் அவருக்குப் பதில் இன்னொருவர் சீட்டு எழுதுவது, காலையில் இவர் எழுதும் சீட்டை எடை பார்ப்பவர் ஒருமுறை வாய்விட்டுப் படித்துச் சரிபார்ப்பது என்று தை மாதம் வரை ஏற்பாடு செய்தோம். தரத்தில் விட்டுக்கொடுக்கவில்லை, அதை எட்டும் வழியை அவருக்கு எளிதாக்கினோம். வாய்விட்டுப் படிக்கும் வழக்கம் நல்லதாகப் பட்டதால் இன்று வரை எல்லோருக்கும் தொடர்கிறது.

எல்லாப் பேச்சும் நல்லபடியாக முடியும் என்று சொன்னால் அது பொய். சிப்பம் பிரிவுக்கு மேற்பார்வையாளராக இருந்தவர் முதலாளிக்கு மைத்துனர் முறை. 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான அரிசிச் சிப்பத்துக்கு 5 விழுக்காடு ஜிஎஸ்டி வந்தது நினைவிருக்கும். பல ஆலைகள் 26 கிலோ சிப்பத்துக்கு மாறின. எங்கள் ஆலையும் மாறியது. சில வாடிக்கையாளர்களுக்கு மட்டும் 25 தொடர்ந்தது. ஒரு நாளில் இரண்டு மூன்று முறை தராசு அமைப்பையும் பையையும் மாற்ற வேண்டியிருந்தது. 25 கிலோப் பையில் 26 கிலோ போனது, 26 கிலோப் பையில் 25 போனது. முதலாவது நமக்கு நட்டம். இரண்டாவது வாங்குபவரை ஏமாற்றுவது, சட்டப்படி குற்றம். எடை இருபக்கமும் தப்பியதால் இதில் திருட்டு இல்லை என்பது தெளிவு. திருட்டாக இருந்தால் பாதையே வேறு: எழுத்தில் குற்றச்சாட்டு, விளக்கம், விசாரணை என்று போக வேண்டும். திறமைக் குறைவையும் ஒழுங்கீனத்தையும் ஒரே கம்பால் அடிப்பவர்கள் இரண்டையும் கெடுத்துக்கொள்கிறார்கள்.

அவரிடம் பேசுவதற்கு முன் முதலாளியிடம் பேசினேன். நான் சொல்லும் எதையும் வீட்டில் வைத்து மாற்றிவிடக் கூடாது. மாற்றுவதாக இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள், நான் பேசவே போவதில்லை என்றேன். அவர் ஒப்புக்கொண்ட பிறகுதான் மைத்துனரை உட்காரவைத்தேன். ஒவ்வொரு முறை அமைப்பு மாறும்போதும் முதல் பத்துச் சிப்பங்களைத் தனித் தராசில் போட்டு எழுதி வைப்பது, காலையில் முத்திரையிட்ட எடைக்கல்லை வைத்துத் தராசைச் சரிபார்ப்பது, சனிக்கிழமைதோறும் இருவரும் அந்த ஏட்டைப் பார்ப்பது என்று ஒப்புக்கொண்டோம். நான்கு வாரத் திட்டம். முதல் இரண்டு வாரம் நன்றாகப் போனது. மூன்றாவது வாரத்தில் ஏடு காலியாக இருந்தது. மறுபடி பேசினோம். ஏறியது, இறங்கியது. திருச்சி வியாபாரி ஒருவர் எடை குறைந்த சிப்பங்களைத் திருப்பி அனுப்பினார்.

அப்போதுதான் எழுத்துக்குப் போனேன். தமிழில், ஒரே பக்கம்: இன்னின்ன தேதியில் இன்னது ஒப்புக்கொண்டோம், இன்னின்ன தேதியில் நடக்கவில்லை, இந்தத் தேதிக்குள் நடக்காவிட்டால் இந்தப் பொறுப்பில் தொடர முடியாது. அவர் முன்னால் படித்துக் காட்டி, கீழே அவருடைய பதிலை அவர் கையாலேயே எழுதச் சொல்லி இடம் விட்டேன். அந்தத் தாளில் இருந்த எதுவும் அவருக்குப் புதிதில்லை, வாயால் கேட்டவைதான். எழுத்தில் வருவது ஒருவருக்கு அதிர்ச்சியாக இருந்தால், அதற்கு முன் நடக்க வேண்டிய பேச்சு நடக்கவில்லை என்று பொருள். தேதி வந்தது, ஏடு நிரம்பவில்லை. மனிதர்களோடு பழகுவதில் அவர் கெட்டிக்காரர் என்பதால் விற்பனைப் பக்கம் வருமாறு கேட்டோம். அது தனக்கு இறக்கம் என்று நினைத்தார். விலகிக்கொண்டார்.

விலகிய அன்றே சம்பள பாக்கி, விடுப்புக் கணக்கு இரண்டையும் தீர்த்தோம். 5 ஆண்டு தாண்டியிருந்ததால் பணிக்கொடையையும் கணக்குப் போட்டுக் கொடுத்தோம். வருங்கால வைப்புநிதித் தாள்களையும் முடித்துக் கொடுத்தோம். நாலு முறை அலையவிட்டுக் கொடுக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. பிரிந்து போகும் மனிதரிடம் அப்படி நடந்துகொள்வதைப் பார்த்துத்தான் மீதி இருப்பவர்கள் நம்மை எடை போடுகிறார்கள். சிப்பம் பிரிவில் எல்லோரையும் கூட்டி, அவர் விலகுகிறார், நாளை முதல் மூத்த அக்கா அந்தப் பொறுப்பைப் பார்ப்பார் என்று மட்டும் சொன்னேன். ஏன் என்று கேட்டவர்களுக்கு, அது எனக்கும் அவருக்கும் இடையிலானது என்றேன். அக்காவிடம் முதல் நாளே அந்த ஏடு, எடைக்கல், சனிக்கிழமைப் பார்வை மூன்றையும் தாளில் எழுதிக் கொடுத்து, இவைதான் நான் பார்க்கப்போவது என்று சொல்லிவிட்டேன். முதலாளி வீட்டில் கொஞ்ச நாள் மனத்தாங்கல் இருந்தது. அதை அவர் தாங்கிக்கொண்டார்; அதற்கு அவரை நான் மதிக்கிறேன்.

பிறகு கும்பகோணம் பக்கத்து ஆலை ஒன்றிலிருந்து, அவரை வேலைக்கு எடுக்கலாமா என்று கேட்டு எனக்கு அழைப்பு வந்தது. வியாபாரிகளிடம் நன்றாகப் பழகுவார், கை சுத்தம், அன்றாட எடையும் ஏடும் மட்டும் வேறொருவர் பொறுப்பில் இருக்கட்டும் என்றேன். அவரிடம் நேரில் சொல்லியிருந்ததும் அதுவேதான்.